தொப்பிக்குள் போன தலை

2015 ஆகஸ்டில் மார்மன் திருச்சபை ஒரு கல்லின் புகைப்படத்தை வெளியிட்டது. கோழிமுட்டை அளவு, சாக்லேட் நிறம், மேலே வரிவரியாகக் கோடுகள். கூடவே அதை வைத்துக்கொள்ளத் தைத்த ஒரு தோல் பை. கல் ஒன்றும் புதிதாகக் கண்டெடுக்கப்பட்டதில்லை. பல தலைமுறைகளாக சால்ட் லேக் சிட்டியில், சபைத் தலைமையின் பெட்டகத்தில் பத்திரமாக இருந்ததுதான். ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்டவர்களைத் தன் உறுப்பினர்களாகக் கணக்குக் காட்டும் ஒரு மதம், தன் வேதம் பிறந்த கருவியின் படத்தை விசுவாசிகளுக்குக் காட்ட நூற்று எண்பத்தைந்து வருஷம் எடுத்துக்கொண்டது. அவசரப்பட்டுச் செய்கிற காரியமா இது!

கல் என்ன செய்தது? ஜோசப் ஸ்மித் அதைத் தன் தொப்பிக்குள் போட்டார். வெளிச்சம் துளியும் புகாதபடி முகத்தையும் தொப்பிக்குள் புதைத்துக்கொண்டார். இருட்டில் எழுத்துகள் மின்னின. அவர் சொல்லச் சொல்ல எதிரே உட்கார்ந்தவர் எழுதினார். அப்படி வந்ததுதான் 1830-ல் நியூயார்க் மாநிலத்துப் பால்மைராவில் அச்சேறிய மார்மன் புத்தகம். தங்கத் தகடுகள் என்று ஊரெல்லாம் சொல்கிறார்களே, அவை எங்கே போயின? துணி போர்த்தி மேஜை மேல் இருந்தன. சில சமயம் அந்த அறையிலேயே இல்லை. மொரோனி என்ற தூதன் 1823-ல் இடத்தைக் காட்டி, நான்கு வருஷம் காக்க வைத்து, 1827-ல் ஒப்படைத்த தகடுகள். அவற்றைச் செதுக்கிக் காப்பாற்ற ஓர் இனம் ஆயிரம் வருஷம் பாடுபட்டதாம். மொழிபெயர்த்தவர் அவற்றைத் திறந்துகூடப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. வேலை முடிந்ததும் தூதனே வந்து திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டான். ரசீது கிடையாது.

ஞாயிறு பள்ளிப் படங்களில் இந்தத் தொப்பி இருந்ததில்லை. அங்கே ஜோசப் ஸ்மித் மேஜையருகே கம்பீரமாக உட்கார்ந்து, தகட்டின் மேல் விரல் வைத்து, பெரிய பண்டிதர் போல வாசித்துக்கொண்டிருப்பார். அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் பெரியவர்களான பிறகு, தொப்பி என்று யாராவது சொன்னால், சபையின் எதிரிகள் கட்டிய கதை என்று நினைத்தார்கள். எதிரிகள் சொன்னது சரி என்று சபையே பிற்பாடு ஒப்புக்கொண்டது. எதிரிகளிடம் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை.

கல்லைப் பார்த்துக் குறி சொல்வது ஜோசப் ஸ்மித்துக்குப் பழகிய தொழில்தான். புதையல் எங்கே கிடக்கிறது, காணாமல் போன பொருள் யாரிடம் இருக்கிறது என்று கல்லில் பார்த்துச் சொல்லிக் கூலி வாங்கியிருக்கிறார். நம்மூரில் மை போட்டுப் பார்ப்பது என்போமே, அதே. ஜோசையா ஸ்டோவல் என்ற விவசாயி, ஸ்பானியர்கள் விட்டுப்போன வெள்ளிச் சுரங்கத்தைத் தேட அவரை வேலைக்கு வைத்தார். வெள்ளி கிடைக்கவில்லை. 1826-ல் இந்தத் தொழிலுக்காக அவரை பெய்ன்பிரிட்ஜில் நீதிபதி முன் நிறுத்தினார்கள். அடுத்த வருஷம் தங்கம் கிடைத்துவிட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடல் பிளந்ததையும் கழுதை பேசியதையும் நம்புகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. நம்ப முடியாததை நம்புவது மனுஷனின் பிறப்புரிமை. என் கோபமெல்லாம், உண்மை தெரிந்தும் பூட்டி வைத்துக்கொண்டு, பொய்க்குப் பத்தில் ஒரு பங்கு கட்டணம் வாங்கியவர்கள் மேல்.

முதல் கட்டணம் கட்டியவர் மார்ட்டின் ஹாரிஸ். நிலபுலன் உள்ள விவசாயி. தொப்பிக்கு எதிரே உட்கார்ந்து எழுதியவர்களில் ஒருவர். அவர் மனைவி லூசிக்கு ஒரே கேள்வி: வீட்டுப் பணம் எங்கே போகிறது? அவளிடம் காட்டிச் சமாதானப்படுத்துகிறேன், எழுதிய தாள்களைக் கொடுங்கள் என்று 1828-ல் மார்ட்டின் கெஞ்சினார். தேவன் முதல்முறை மறுத்தார். இரண்டாம் முறையும் மறுத்தார். மூன்றாம் முறை சரி என்றார். நூற்றுப் பதினாறு பக்கங்கள் மார்ட்டினோடு வீட்டுக்குப் போயின. திரும்பி வரவில்லை.

போனால் போகிறது, கல் இருக்கிறது, தொப்பி இருக்கிறது, மறுபடியும் தலையை விட்டால் அதே வரிகள் மின்னாதா? எந்தச் சோதனைக்கும் இதைவிட நல்ல சந்தர்ப்பம் அமையாது. அப்போது பார்த்து ஒரு வெளிப்படுத்தல் வந்தது. கெட்டவர்கள் அந்தத் தாள்களைத் திருடி வார்த்தைகளை மாற்றி வைத்திருக்கிறார்கள். நீ மறுபடி மொழிபெயர்த்தால் ஒத்துப்போகவில்லை என்று கேலி செய்வார்கள். ஆகவே அந்தப் பகுதியைத் தொடாதே. இன்னொருவர் கையெழுத்தில் மையால் எழுதிய நூற்றுச் சொச்சம் பக்கங்களில், அடித்தது திருத்தியது தெரியாமல் எப்படி மாற்றுவது? யாரும் கேட்கக் கூடாது. சர்வவல்லமையுள்ள தேவன் ஒரு மைக்கூட்டுக்குப் பயந்தார். நல்லவேளையாக, இப்படி நடக்கும் என்று பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தெரிந்து, அதே காலத்துச் சரித்திரத்தை வேறு தகடுகளிலும் எழுதி வைக்கச் சொல்லியிருந்தாராம். அதில் வார்த்தைகள் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. திருடிய கெட்டவர்களும் அந்தத் தாள்களை இன்றுவரை வெளியிடவே இல்லை. எவ்வளவு சோம்பேறித் திருடர்கள்!

புத்தகத்தை அச்சடிக்க ஐயாயிரம் பிரதிக்கு 3,000 டாலர் வேண்டும். அச்சகக்காரர் கடனுக்கு அடிக்க மாட்டேன் என்றார். மார்ட்டின் பண்ணையை அடமானம் வைத்தார். அவர் தயங்குவதைக் கண்ட தேவன் ஒரு கட்டளை அனுப்பினார்: உன் சொந்தச் சொத்தின் மேல் நீ ஆசைப்படாதே. மோசே மலையிலிருந்து இறக்கி வந்த பத்துக் கட்டளைகளில் பிறனுடைய சொத்துக்கு ஆசைப்படாதே என்பதுதான் இருந்தது. பதினோராவதைக் கண்டுபிடிக்க அமெரிக்கா வேண்டியிருந்தது. பண்ணை போயிற்று. லூசியும் பிரிந்து போனாள். அந்தக் கூட்டத்தில் கணக்குக் கேட்ட ஒரே மனுஷி அவள்தான்.

புத்தகத்துக்குள் என்ன இருக்கிறது? கி.மு. 600 வாக்கில் எருசலேமிலிருந்து கப்பலேறி அமெரிக்கா போய்ச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் கதை. அங்கே குதிரை இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்தில் குதிரையினம் அழிந்து பல்லாயிரம் வருஷம் ஆகியிருந்தது, ஸ்பானியர்கள்தான் மறுபடி இறக்கினார்கள். எஃகு வாள், கோதுமை, ரதம் எல்லாம் இருக்கின்றன. ஒரே போரில் இரண்டு லட்சத்துக்கு மேல் செத்து விழுகிறார்கள். அந்தப் போர் நடந்ததாகச் சொல்லும் குன்றில் ஒரு வாள்முனைகூட அகப்படவில்லை. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் புதைத்த தகட்டில், 1611-ல் இங்கிலாந்தில் செய்த பைபிள் மொழிபெயர்ப்பின் ஏசாயா அதிகாரங்கள் அத்தியாயம் அத்தியாயமாக, அந்த மொழிபெயர்ப்பின் பிழைகளோடு வந்து உட்கார்ந்திருக்கின்றன. தகடு செதுக்கியவர்கள் பிழையைக்கூட முன்கூட்டியே தீர்க்கதரிசனமாகக் கண்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் சிரித்துவிட்டுக் கடந்து போகலாம். தோல் விஷயத்தில் சிரிப்பு வரவில்லை. அந்தக் குடும்பத்தில் கீழ்ப்படியாத கிளையைத் தேவன் சபித்துத் தோலைக் கறுப்பாக்கினார் என்கிறது புத்தகம். அந்தக் கிளையின் வாரிசுகள்தான் அமெரிக்கப் பூர்வகுடிகள் என்று சபை நூற்றைம்பது வருஷம் போதித்தது. பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, பள்ளிப் பருவம் முழுக்க வெள்ளை மார்மன் வீடுகளில் வைத்து வளர்க்கும் திட்டம் ஒன்றையும் நடத்தியது. 1960 சபை மாநாட்டில் ஸ்பென்சர் கிம்பால், அப்படி வளர்கிற பிள்ளைகளின் நிறம், ஊரில் இருக்கும் கூடப்பிறந்தவர்களைவிட வெளுத்து வருகிறது என்று மேடையில் பூரித்தார். வேதத்தின் பலன் முகத்தில் தெரிகிறதாம், சோப்பு விளம்பரம் போல. அந்த மனுஷர் பின்னாளில் சபையின் தீர்க்கதரிசி ஆனார். மரபணு ஆய்வுகள் பூர்வகுடிகளின் வேர் ஆசியாவில் என்று காட்டிய பிறகு, 2007 வாக்கில் புத்தகத்தின் முன்னுரையில் ஒரு திருத்தம் நடந்தது. பூர்வகுடிகளின் முக்கிய மூதாதையர் என்று 1981-ல் எழுதியது, மூதாதையர்களில் சிலர் என்று சுருங்கியது. அவர்களிடம் போய், உங்கள் தோல் சாபத்தால் வந்தது என்று சொன்னோமே, தப்பு என்று சொல்ல யாருக்கும் நேரமில்லை.

ஜோசப் ஸ்மித்தின் மொழிபெயர்ப்புத் திறமையைச் சோதிக்கத் தகடு இல்லை, தூதன் வாங்கிக்கொண்டான். பாப்பிரஸ் இருக்கிறது. 1835-ல் ஒஹையோவின் கர்ட்லண்டுக்கு மைக்கேல் சாண்ட்லர் என்ற ஊர் ஊராகக் காட்சி நடத்துபவர் நான்கு எகிப்திய மம்மிகளோடும் சில சுருள்களோடும் வந்தார். 2,400 டாலர் கொடுத்து வாங்கினார்கள். இது ஆபிரகாம் எழுதியது என்று அறிவித்தார் ஸ்மித். அதிலிருந்து ஆபிரகாமின் புத்தகம் பிறந்தது, வேதத்திலும் சேர்ந்தது. ரோசெட்டாக் கல்லைக்கொண்டு ஷாம்போலியோன் எகிப்திய எழுத்தின் பூட்டை 1822-லேயே திறந்திருந்தார். ஆனால் ஒஹையோ வயல்காட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவர் யார்? தைரியமாக மொழிபெயர்க்கலாம். 1871 சிகாகோ தீயில் சுருள்கள் எரிந்துபோனதாக எல்லாரும் நம்பினார்கள். நிம்மதி.

1967-ல் நிம்மதி குலைந்தது. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் அந்தப் பாப்பிரஸ் துண்டுகளைச் சபையிடமே ஒப்படைத்தது. படிக்கத் தெரிந்தவர்கள் படித்தார்கள். ஹோர் என்ற எகிப்தியப் பூசாரி செத்தபோது கூட வைத்த ஈமச்சடங்கு ஏடு. ஆபிரகாம் வாழ்ந்ததாகச் சொல்லும் காலத்துக்கு ஆயிரம் வருஷத்துக்கும் மேல் பிந்தியது. அவர் பெயர் ஓரிடத்திலும் இல்லை. அச்சான படங்களில் பார்வோன் என்று ஸ்மித் குறித்த உருவம், ஐசிஸ் என்ற பெண்தெய்வம். அடிமை என்று குறித்தது அனுபிஸ் என்ற தெய்வம். ஒரு தெய்வத்தை ஆணாக்கி, இன்னொன்றை அடிமையாக்கி, அதற்குப் பெயர் மொழிபெயர்ப்பு.

சபை வாய் திறக்க 2014 வரை ஆனது. ஆமாம், துண்டுகளில் உள்ளதும் ஆபிரகாமின் புத்தகமும் ஒத்துப்போகவில்லை என்று அந்த வருஷம் வெளியிட்ட கட்டுரையில் ஒப்புக்கொண்டது. உடனே ஒரு விளக்கம்: பாப்பிரஸ் ஒரு தூண்டுகோலாக இருந்திருக்கலாம், அதைப் பார்த்ததும் தேவன் வேறு எதையோ அருளியிருக்கலாம். அதாவது மூலநூல் பக்கத்தில் கிடந்தால் போதும். இந்தச் சலுகை தெரிந்தால் எங்கள் பத்திரிகை உலக மொழிபெயர்ப்பாளர்கள் எத்தனை பேர் தீர்க்கதரிசி ஆகியிருப்பார்கள்!

தலைமையில் இருக்கும் பதினைந்து பேரையும் தீர்க்கதரிசிகள், ஞானதிருஷ்டிக்காரர்கள், வெளிப்படுத்துவோர் என்று சபை வருஷாவருஷம் கை தூக்கி ஏற்கிறது. அந்தத் திருஷ்டியை 1980-களில் மார்க் ஹாஃப்மன் என்ற ஆள் ஐந்து வருஷம் சோதித்துப் பார்த்தான். பழைய கடிதங்களைத் தானே எழுதி, பழசாக்கி, தலைமைக்கு விற்றான். முதல் சரக்கு 1980-ல். தீர்க்கதரிசி கிம்பால் அதைப் பூதக்கண்ணாடி வைத்துக் குனிந்து பார்க்கிற புகைப்படம் இருக்கிறது. சுற்றிலும் சபைப் பெரியவர்கள். கல் பெட்டகத்தில் இருந்தது, தொப்பிக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் பூதக்கண்ணாடியைத்தான் எடுத்தார்கள். சபையின் மானம் போகும்படியான கடிதங்களைச் சபை காசு கொடுத்து வாங்கியது. குட்டு உடையப் போகிறது என்றதும் 1985 அக்டோபரில் ஹாஃப்மன் குண்டு வைத்து இரண்டு பேரைக் கொன்றான். மை விரிசல் விட்டிருப்பதைப் பார்த்து மோசடியைக் கண்டுபிடித்தது தடயவியல் ஆட்கள். அவர்களை யாரும் கை தூக்கி ஏற்கவில்லை.

பலதார மணத்துக்கு வருகிறேன். அதைக் கடைப்பிடிக்கச் சொல்லித் தூதன் உருவிய வாளோடு வந்து ஸ்மித்தை மிரட்டினானாம். பாவம், மனுஷர் என்ன செய்வார். முப்பது, நாற்பது மனைவிகள் என்று சபையின் கட்டுரையே கணக்குச் சொல்கிறது. ஏற்கெனவே புருஷன் இருந்த பெண்களும் அதில் அடக்கம். ஹெலன் மார் கிம்பால் என்ற சிறுமிக்கு வயது 14. நீ சம்மதித்தால் உன் தாய் தகப்பனுக்கும் சுற்றத்துக்கும் நித்திய ரட்சிப்பு நிச்சயம் என்று சொன்னார்கள். பதினாலு வயதுப் பிள்ளையின் தலையில் குடும்பத்தின் மோட்சத்தைத் தூக்கி வைத்தார் முப்பத்தேழு வயதுத் தீர்க்கதரிசி. சபையின் கட்டுரை இதை எப்படி எழுதுகிறது தெரியுமா? அவளுடைய பதினைந்தாவது பிறந்தநாளுக்குச் சில மாதங்கள் முன்பு. அந்த வரியை எழுதிய கையை ஒருமுறை பார்க்க வேண்டும். பதினாலு என்ற எண்ணை எழுத வராத கை, வெட்கம் என்றால் என்னவென்று எங்கோ அறிந்த கையாகத்தான் இருக்க வேண்டும்.

மனைவி எம்மா ஒப்பவில்லை. 1843 ஜூலையில் அவளுக்கென்றே ஒரு வெளிப்படுத்தல் வந்தது: ஒத்துக்கொள், இல்லாவிட்டால் அழிக்கப்படுவாய். அதை எடுத்துக்கொண்டு எம்மாவைச் சமாதானப்படுத்தப் போன மைத்துனர் ஹைரம், வாழ்நாளில் கேட்காத வசவு கேட்டுத் திரும்பினார். அடுத்த வருஷம் மே மாதம் ஸ்மித் மேடையேறி, எனக்கு ஏழு மனைவிகள் என்கிறார்கள், எனக்குக் கண்ணில் படுவது ஒருத்திதான் என்று சத்தியம் பேசினார். ஜூனில் நாவூ ஊரில் ஒரு பத்திரிகை உண்மையை எழுதியது. ஒரே ஒரு இதழ். மேயர் ஸ்மித்தும் நகரசபையும் உத்தரவு போட்டு அச்சுக்கூடத்தையே உடைத்தார்கள். அதற்காகச் சிறைக்குப் போனவரைக் கார்த்தேஜில் ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. அந்தக் கொலை அநியாயம். அதனால் அந்தப் பத்திரிகை எழுதியது பொய்யாகிவிடாது.

1852 ஆகஸ்ட் மாநாட்டில் சபை பலதார மணத்தைப் பகிரங்கமாக அறிவித்தது. அதே மாநாட்டில்தான் இந்தியாவுக்கு ஊழியக்காரர்களையும் நியமித்தது. அடுத்த வருஷம் ரிச்சர்ட் பாலன்டைன் மெட்ராஸ் வந்து இறங்கினார். இந்தச் செய்தியும் கூடவே கப்பலேறி வந்திருந்ததால், பிரசங்கம் அவ்வளவாக எடுபடவில்லை.

இந்தத் தேவனுடைய நாள்காட்டியைக் கவனித்தால் ஒரு ஒழுங்கு தெரியும். பலதார மணம் நித்தியக் கட்டளை. 1887-ல் அமெரிக்க அரசு சபையின் சொத்தைப் பறிக்கச் சட்டம் போட்டது, 1890 மே மாதம் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. செப்டம்பரில் நித்தியம் முடிந்தது. கறுப்பர்களுக்குக் குருத்துவம் கிடையாது என்று 1852-ல் சபைத் தலைவர் பிரிகாம் யங் அறிவித்தது, குடிமை உரிமைப் போராட்டங்கள் எல்லாம் நடந்து முடிந்து, யாருக்குக் கறுப்புப் பாட்டன் என்று பிரித்துப் பார்க்கவே முடியாத பிரேசிலில் சபைக்கு ஆலயம் திறக்கிற 1978-ல் மாறியது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு பத்து வருஷம் ஆகியிருந்தது. ஒருபாலினத் தம்பதிகளின் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் இல்லை என்ற 2015 நவம்பர் உத்தரவு தேவனிடமிருந்து வந்தது என்றார் பின்னாளில் சபையின் தீர்க்கதரிசி ஆன ரஸ்ஸல் நெல்சன். 2019 ஏப்ரலில் அதை ரத்து செய்ததும் தேவன்தானாம். உயிரோடிருக்கிற பிள்ளைக்கு மறுத்ததைச் செத்தவர்களுக்குத் தாராளமாகக் கொடுத்தார்கள்: நாஜிகள் கொன்ற யூதர்களுக்கு, ஆன் ஃபிராங்குக்கு, நம் காந்திக்கும்கூட, அவர்கள் பெயரில் யாரோ ஒருவரைத் தண்ணீரில் முக்கி எடுத்து.

இதில் எதையாவது முன்கூட்டியே சொன்னவர்களுக்கு என்ன கிடைத்தது? ஸ்மித்தின் வரலாற்றை 1945-ல் எழுதிய ஃபான் பிராடி அடுத்த வருஷம் சபையை விட்டு விலக்கப்பட்டார். 1890-க்குப் பிறகும் தலைமை ரகசியமாகப் பலதார மணம் செய்து வைத்ததை ஆவணங்களோடு காட்டிய மைக்கேல் குவின் 1993-ல் விலக்கப்பட்டார். அதே மாதம் இன்னும் ஐந்து பேர் மேல் நடவடிக்கை. உண்மையாக இருப்பதெல்லாம் பயனுள்ளதாக இருக்காது என்று 1981-லேயே சபைத் தலைமையைச் சேர்ந்த பாய்ட் பேக்கர் சபையின் ஆசிரியர்களுக்குப் பாடம் எடுத்திருந்தார். 1993-லிருந்து இருபது வருஷம் கழித்து அதே உண்மைகள் சபையின் சொந்தக் கட்டுரைகளில் அடிக்குறிப்புகளோடு வந்து அமர்ந்தன. விலக்கியது விலக்கியதுதான்.

பணத்துக்கு வருவோம், அங்கேதான் எல்லாப் பாதையும் போய் முடிகிறது. வருமானத்தில் பத்தில் ஒன்று தசமபாகம். கட்டுகிறாயா என்று ஊர்ச் சபையின் பிஷப் எதிரே உட்காரவைத்துக் கேட்பார். இல்லை என்றால் ஆலயத்துக்குள் போகும் அனுமதிச் சீட்டு கிடையாது. சீட்டு இல்லாத தாய், மகளின் ஆலயக் கல்யாணத்தில் உள்ளே நுழைய முடியாது. பெற்று வளர்த்தவள் வெளியே புல்வெளியில் நின்று, முடிந்து வரும் மகளைப் பார்க்க வேண்டும். பத்தொன்பது இருபது வயதுப் பையன்கள் வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பெயர்ப்பட்டையுமாக ஊர் ஊராக நடக்கிறார்களே, அந்த இரண்டு வருஷ ஊழியத்தின் செலவும் அவர்கள் வீட்டுப் பணம்தான்.

சேர்ந்த பணம் என்ன ஆயிற்று? சால்ட் லேக் சிட்டியில் ஆலயத்துக்கு எதிரிலேயே 2012-ல் ஒரு மால் முளைத்தது. திறந்து மூடும் கண்ணாடிக் கூரை, நடுவில் மீன் நீந்தும் செயற்கை ஓடை. தீர்க்கதரிசி ரிப்பன் வெட்டினார். தசமபாகப் பணத்தைத் தொடவில்லை, அதை முதலீடு செய்து வந்த வருமானத்தில்தான் கட்டினோம் என்றது சபை. அசல் தேவனுக்கு, வட்டி மாலுக்கு. 2019 டிசம்பரில் சபையின் முதலீட்டு நிறுவனமான என்சைன் பீக்கிலிருந்து விலகிய ஒருவர் கணக்கைப் போட்டு உடைத்தார்: ஏறக்குறைய பத்தாயிரம் கோடி டாலர் சேமிப்பு. தெரிந்தால் ஜனங்கள் தசமபாகம் கட்டமாட்டார்களோ என்று தலைமை கவலைப்பட்டதாக அந்த நிறுவனத்தின் தலைவரே நிருபர்களிடம் சொன்னார். அதற்கு முந்திய வருஷம்தான், 2018 ஏப்ரலில், நெல்சன் நைரோபிக்குப் போய், ஏழைகள் தலைமுறை தலைமுறையாக ஏழைகளாக இருப்பதால்தான் அவர்களுக்குத் தசமபாகத்தைப் போதிக்கிறோம், அது அந்தச் சங்கிலியை அறுக்கும் என்று உபதேசித்திருந்தார். பத்தாயிரம் கோடி டாலரைக் கட்டிவைத்துக்கொண்டு, கென்யாவின் ஏழையிடம் கை நீட்ட ஒரு தனி நெஞ்சழுத்தம் வேண்டும்.

2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் ஓர் உத்தரவு வெளியிட்டது. பங்குகளை மறைக்க சபையின் ஒப்புதலோடு பதின்மூன்று பெயரளவு நிறுவனங்கள். ஆணையத்துக்குப் போகும் படிவங்களில் கையெழுத்துப் போட ஆட்கள். போட்டதற்கு மேல் அவர்களுக்கு அந்தப் பங்குகளில் எந்த வேலையும் இல்லை. பல வருஷம் இப்படியே நடந்தது. 2018-ல் மறைத்து வைத்த பங்குகளின் மதிப்பு ஏறக்குறைய 3,200 கோடி டாலர். அபராதம், சபைக்கும் என்சைன் பீக்குக்கும் சேர்த்து, 50 லட்சம் டாலர். விதவையிடம் தேவன் கேட்பது பத்தில் ஒன்று. தேவனுடைய கம்பெனியிடம் அரசாங்கம் வாங்கியது ஆறாயிரத்து நானூறில் ஒன்று.

அந்தக் கையெழுத்துக்காரர்களையோ கணக்கைப் பூட்டி வைத்த பெரியவர்களையோ எந்த பிஷப்பும் எதிரே உட்காரவைத்து நேர்மையைப் பற்றிக் கேள்வி கேட்டதாகச் செய்தி இல்லை. சபை ஓர் அறிக்கை விட்டது. தவறுகள் நடந்ததற்கு வருந்துகிறோம், இந்த விஷயம் இத்தோடு முடிந்துவிட்டதாகக் கருதுகிறோம் என்று.